நாலு எட்டு மேலே

இது எனக்கு நடந்ததல்ல. கல்லூரி விடுதியில் இரண்டு ஆண்டுகள் என் அறையில் இருந்த பூங்கனி சொன்னது. அதையும் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. துணி மடிக்கும்போது கொஞ்சம், மெஸ் வரிசையில் நிற்கும்போது கொஞ்சம், ஒருமுறை சங்கரன்கோவில் போகும் பேருந்தில் இறங்கும் இடம் வரைக்கும் விடாமல். அவள் ஜியாலஜி, நான் கணக்கு. இரண்டு வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரிகள். அதனால் எதையாவது தப்பாகச் செய்துவிடுவோம், செய்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம் இருவரிடமும் ஒரே அளவில் இருந்தது. அவள் 'நான்' என்று சொன்னதை நானும் 'நான்' என்றே எழுதுகிறேன். சொற்களில் பல என்னுடையவை. கடலில் நின்ற இருபது நிமிடம் அவளுடையது. நான் எதையும் கூட்டவில்லை என்று நினைக்கிறேன். சத்தியம் செய்ய முடியாது.

அசையாமல் நிற்பது ஒன்றுதான் என் வேலை. முழங்காலுக்கு மேல் தண்ணீர், கையில் நான்கு மீட்டர் உயர அளவுகோல், எல்லோரும் அதை ஸ்டாஃப் என்றுதான் சொல்வோம், அதில் சிவப்பும் கறுப்புமாக எண்கள், கரையில் முக்காலிமேல் இருக்கும் லெவல் கருவியில் ஒரு கண்ணை ஒட்டிக்கொண்டு என் வகுப்பு நௌஃபல். அவன் அந்த எண்ணைப் படிப்பான், கையைத் தூக்குவான், எழுதுவான். அரை நிமிடம் கழித்து மறுபடியும். நாற்பது முறை. தண்ணீரின் மட்டம் இதுதான் என்று கண்ணால் சொல்லிவிட முடியாது, அலை வந்து வந்து போகும், அதனால் கடல் உள்வாங்கும் வற்றம் முழுதாக இறங்கிய நேரத்தில் நாற்பது முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும் என்பது எங்கள் துறை ஞானதுரை சாரின் விதி. ஆவணியிலிருந்து மாதம் ஒரு காலை இப்படி நிற்கிறேன். இன்று மாசி, இது ஏழாவது, கடைசி. திங்கட்கிழமை பிராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். "ஒண்ணு!" என்று நௌஃபல் கத்துகிறான். என் குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் நழுவுகிறது. ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது கொஞ்சம் மணலை எடுத்துக்கொண்டு போகிறது, நான் கொஞ்சம் இறங்குகிறேன், ஸ்டாஃபும் கொஞ்சம் இறங்குகிறது, அப்படியானால் அவன் படிக்கும் எண்ணும் கொஞ்சம் மாறும், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது, சாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் இதை ஏழு மாதம் கழித்தா கேட்கிறாய் என்பார், கேட்க வேண்டாம். "ரெண்டு!" எனக்கு நீச்சல் தெரியாது. இதையும் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு, அதுவும் கோடையில் ஒரு குடம். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது அம்மா பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தரியைக் கீழே வைக்காமலே, "கடலை அளக்கப் போறியா? அது எங்கயும் ஓடிப் போயிடப் போவுதாக்கும்," என்றாள். சிரித்தேன். ஓடித்தான் போகிறது அம்மா, முன்னாலும் பின்னாலும் ஓடுகிறது, அதைத்தான் அளக்கிறோம் என்று அப்போது விளக்கினேன். எவ்வளவு தெளிவாக விளக்கினேன். ஒரு கல் வேண்டும், அசையாத கல். அந்தக் கல்லிலிருந்து தண்ணீர் விளிம்பு எவ்வளவு தூரம் என்று மாதா மாதம் டேப் பிடித்தால் கரை வளர்கிறதா தேய்கிறதா என்று தெரிந்துவிடும். அம்மா கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா? இதுக்கா மூணு வருசம்?" என்றாள்.

"கலெக்டர் மேடம், ஸ்டாஃப் சாயுது!" நிமிர்த்துகிறேன். கலெக்டர் என்று அவன் சொல்வது பிரகாசி அக்காவிடமிருந்து பிடித்துக்கொண்டது. கடலுக்கு முதல் வீடு அவருடையது. முதல் மாதம் நாங்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அடுத்த வீட்டைப் பார்த்து, "ஏ, கலெக்டரு வந்துருக்கா பாரு, கூடவே ஒரு டவாலி," என்றார். கலெக்டருக்கு முன்னால் ஓடும் அந்தச் சேவகன், டவாலி, நௌஃபல். அவனுக்கு அது இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டு அடுப்படிப் படியிலிருந்துதான் டேப்பைப் பிடித்தோம். சிமெண்டுப் படி, நல்ல கெட்டி, அசையாது. அசையாத பொருளைத் தேர்ந்தெடு என்று சார் சொன்னதற்குப் படியைவிட வேறு என்ன வேண்டும். ஆனால் துறையில் கொடுத்த டேப் முப்பது மீட்டர். இழுத்துக்கொண்டே வந்தேன், தண்ணீருக்கு இன்னும் ஓர் ஆள் நீளம் இருக்கும்போது டேப் தீர்ந்துவிட்டது. ஓர் ஆள் நீளம். ஐம்பது மீட்டர் டேப்பை எம்.எஸ்சி. அண்ணன்கள் எடுத்துப்போயிருந்தார்கள். நான்தான் சுற்றிப் பார்த்தேன், நான்தான் அந்தக் கல்லைக் கண்டுபிடித்தேன், மணலில் பாதி புதைந்த ஒரு கான்கிரீட் கட்டை, பழைய மின்கம்பத்தின் அடிக்கட்டை போல, படிக்கும் தண்ணீருக்கும் நடுவில். இதுவும் அசையாதுதானே என்று கேட்டேன். "நாலு ஆளு தூக்கணும், யாரு அசைக்கப் போறா?" என்றான் நௌஃபல். சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டோம். படியிலிருந்து கல் எவ்வளவு தூரம் என்று அளக்கவில்லை. எதற்கு அளக்க வேண்டும், படியைத்தான் விட்டுவிட்டோமே. "ஒம்பது!" ஒன்பதா, நடுவில் எத்தனை போயின, நான் எங்கே இருந்தேன். கல்லிலிருந்து தண்ணீருக்கு இருபது மீட்டர் இருபது. நோட்டில் அழகாக எழுதியிருக்கிறேன். ஆவணி 20.2, புரட்டாசி 20.0, ஐப்பசி 18.9, கார்த்திகை 18.7, அந்த மாதக் கடைசியில் புயல் வந்து போனது, மார்கழியில் பார்த்தால் 19.6, தையில் 19.9. கரை போனது, திரும்ப வந்தது. பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம். கல்லின் தலையிலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்குமான உயரக் கணக்கு மட்டும் மார்கழியிலிருந்து ஒட்டவில்லை, இருபது சென்டிமீட்டர் எங்கோ உதைத்தது, புயலில் மணல் மாறியிருக்கும் என்று எழுதினோம். புயல்மேல் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்.

பிரகாசி அக்கா தண்ணீருக்கு இறங்கி வருகிறார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. கணுக்காலளவில் நின்று, அலைச் சத்தத்துக்கு மேல் கத்துகிறார். "ஏ பிள்ள, இன்னைக்குத்தான் கடைசியாம்லா? டவாலி சொல்லுதான்." தலையை ஆட்டாமல் ஆமாம் என்கிறேன். "அப்பம் அந்தக் கல்லைக் கொண்டு போயிருவியளா, இங்கன கிடக்கட்டுமா?" கிடக்கட்டும் அக்கா. "கிடக்கட்டும்னா கிடக்கட்டும். நான் பத்திரமாத்தான் வச்சிருக்கேன். புயல் அன்னைக்குக் கடலு எகிறி வந்துச்சுல்லா, கல்லு பாதிக்கு மேல தண்ணிக்குள்ள. அடப்பாவமே, மாசாமாசம் வெயில்ல வந்து நிக்க பிள்ள, கல்லு போயிட்டா எதைப் பாத்து அளக்கும்னு, எங்க கொழுந்தனாரையும் இன்னும் மூணு பேரையும் கூப்பிட்டு நாலு எட்டு மேல தூக்கி வைக்கச் சொன்னேன். வையாத வசவெல்லாம் வையுதாரு, இந்த மழையில கல்லு ஒண்ணுதான் கேடான்னு. அம்புக்குறி கடலைப் பாத்துத்தான் இருக்கணும்னு நான்தான் திருப்பி வைக்கச் சொன்னேன். கரெக்டா வச்சிருக்கோமா?" கரெக்டாக வைத்திருக்கிறீர்கள் அக்கா. என் வாய்தான் சொன்னது. "பதிமூணு!" அக்கா சிரிக்கிறார். செய்த உதவியை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்து கடைசி நாளில் சொல்கிறவரின் சிரிப்பு. அவர் திரும்பிப் போய் மணலில் உட்கார்ந்துகொள்கிறார். நான் அசையாமல் நிற்கிறேன்.

நாலு எட்டு மேலே. மேலே என்றால் வீட்டுப் பக்கம். கல் வீட்டுப் பக்கம் போனால் கல்லுக்கும் தண்ணீருக்கும் தூரம் கூடும். கடல் நாலு எட்டு உள்ளே வந்தால் தூரம் குறையும். கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் மிச்சம் என்ன, முப்பது சென்டிமீட்டர். ஆவணி 20.2, தை 19.9. கரை அப்படியே இருக்கிறது. அப்படித்தானே நான் சொன்னேன். தை மாதம் அவர் கேட்டார், எல்லா மாதமும் கேட்பார், "எவ்வளவு தின்னுருக்கு பிள்ள?" என்று, நான் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும் அக்கா என்று நழுவுவேன், தை மாதம் மட்டும் நழுவவில்லை. நோட்டைத் திறந்து எண்களைக் காட்டினேன். "ஒண்ணும் போகலக்கா, ஒரு சாண் போயிருக்கும், அவ்வளவுதான், உங்க பக்கம் கரை ஸ்டெடியா இருக்கு." ஸ்டெடியா. அந்தச் சொல்லை நான் சொன்ன விதம் இப்போது காதில் கேட்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா லோடு ஏற்றும் இடத்தில், கரண்ட் ஆபீசில், ரேஷன் கடையில், எங்கேயும் யாரும் எங்களிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, எங்களிடம் சொல்வார்கள், நாங்கள் சரி என்போம். முதல்முறையாக ஒருவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் நம்பினார். அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் வழியெல்லாம் எனக்குள் ஏதோ நிமிர்ந்து நின்றது. "பதினேழு! மேடம், தூங்குறீங்களா? வலது பக்கம் சாயுது!" நிமிர்த்துகிறேன். அந்த வாரமே அதிகாரிகள் வந்தார்கள், கடலோர வீட்டுக்காரர்களுக்கு ஊருக்குள் சாலைக்கு அந்தப் பக்கம் மனையும் வீடும் தருகிறோம், வேண்டுமென்கிறவர்கள் பெயர் கொடுங்கள் என்று. இதை அக்காதான் இன்று காலை நாங்கள் முக்காலியை இறக்கும்போது சொன்னார். "நான் வேண்டாம்னுட்டேன் பிள்ள. அங்கன போனா வள்ளம் ஒரு பக்கம், நாம ஒரு பக்கம். காலேஜ் பிள்ள அளந்து சொல்லியிருக்கா, எங்க கரை போகலன்னு, அதையே அந்த சாருகிட்டயும் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு." அவர் எழுதிக்கொண்டார். எதை எழுதிக்கொண்டார், என் பெயரையா, விருப்பமில்லை என்றா. பெயர் கொடுக்கக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை. இன்று புதன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அக்கா இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று காலை ஆறரை மணிக்குப் பெருமையாக இருந்தது, இப்போது ஏழரைகூட ஆகியிருக்காது.

சொல்ல வேண்டும். எதைச் சொல்வது. நீங்கள் கல்லை நகர்த்திவிட்டீர்கள் என்றா. அவர் மழையில் நின்று எனக்காக நகர்த்தினார். நான் கல்லைக் கவனிக்கவில்லை என்றா. நாலு எட்டு நகர்ந்த கல்லை மார்கழியிலும் தையிலும் நான் பார்த்தேன், தொட்டேன், அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தேன், புயலுக்குப் பிறகு கரையில் எதுதான் பழைய இடத்தில் இருந்தது, வேலி இல்லை, வள்ளங்களை வேறு பக்கம் ஏற்றியிருந்தார்கள், கல் மட்டும்தான் மாறாமல் இருந்தது, அம்புக்குறி கடலைப் பார்த்து. மாறாமல் இருந்த ஒன்றை யாராவது சந்தேகப்படுவார்களா. சந்தேகப்பட வேண்டும், அதற்குத்தான் மூணு வருசம் அம்மா. "இருபத்தி ரெண்டு!" கணக்கைத் திருத்திவிடலாம், நாலு எட்டைக் கழித்தால் போதும். ஒரு எட்டு எவ்வளவு. யாருடைய எட்டு. மழையில் நாலு பேர் கல்லைத் தூக்கிக்கொண்டு வைக்கும் எட்டு எவ்வளவு நீளம், முக்கால் மீட்டரா, ஒரு மீட்டரா, எட்டுப் போட்டார்களா, தள்ளாடிக்கொண்டு போனார்களா, அக்கா எண்ணினாரா, சும்மா வாயில் வந்ததா. மூன்று மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் நாலு எட்டு என்று எழுத முடியுமா. சார் என்ன சொல்வார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், "ஒரு பாராவுல குறிப்பு போட்டுடும்மா, உண்மையைச் சொன்னா மார்க் குறையாது," என்பார், நல்லவர், நிஜமாகவே அப்படித்தான் சொல்வார். என்னுடையது ஒரு பாராவில் முடிந்துவிடும். மார்க்கைப் பற்றி நான் பயப்படவில்லை என்றால் பொய், பயப்படுகிறேன், இந்த நேரத்திலும் பயப்படுகிறேன், செய்த தப்பைவிட அந்தப் பயம்தான் அசிங்கமாக இருக்கிறது. அதிகாரியிடம் போய்ச் சொன்னால். ஐயா, நான் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு, முப்பது மீட்டர் டேப் வைத்து அளந்தேன், தப்பாக அளந்துவிட்டேன், அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரம்மா நீ என்பார். சரியான கேள்வி. நான் அளந்ததை இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் எடுத்துக்கொண்டார். "இருபத்தெட்டு!" பாதம் முழுக்க மணலுக்குள் போய்விட்டது. எடுத்து மாற்றி வைக்கலாம், வைத்தால் ஸ்டாஃப் ஆடும். அக்கா மணலில் உட்கார்ந்து நௌஃபலிடம் ஏதோ சொல்கிறார், அவன் ஒரு கண்ணை லெவலிலேயே வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அவருக்குப் பின்னால் கல். அதற்குப் பின்னால் வீடு, நீலச் சுவர், அடுப்படிப் படி, படியில் ஒரு சருவச்சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. படி. படி நகரவில்லை. அன்றைக்குப் படியிலிருந்து டேப் பிடித்தோமே, ஓர் ஆள் நீளம் போதவில்லையே, இன்றைக்கும் படியிலிருந்து பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுதி வைக்காத அளவுதான், ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது, டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றேன், எட்டவில்லை. இன்று எட்டுமா. எட்டினால். எட்டி, கையில் டேப் மிச்சமிருந்தால். "முப்பத்தஞ்சு! இன்னும் அஞ்சுதான்!" அஞ்சு வேண்டாம், நௌஃபல், இன்னும் நாற்பது எடு, இன்னும் நூறு எடு, நான் இப்படியே நிற்கிறேன், நிற்பது ஒன்றுதானே என் வேலை, நின்றுகொண்டிருக்கும்வரை நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அலை வந்து தொடையை இடிக்கிறது. ஸ்டாஃப் ஆடவில்லை. இன்றைக்குத்தான் நான் எல்லா மாதத்தையும்விட அசையாமல் நிற்கிறேன் போலிருக்கிறது. "நாப்பது! முடிஞ்சது, கலெக்டர் மேடம், ஏறி வாங்க!" பாதத்தை மணலிலிருந்து பிடுங்குகிறேன், அந்தக் குழி உடனே மூடிக்கொள்கிறது. கரையேறி அக்கா முன்னால் போய் நிற்கிறேன், தண்ணீர் சொட்டுகிறது. "அக்கா, அந்தக் கல்லை நகத்தியிருக்கக் கூடாதுக்கா. நான் தையில சொன்னது தப்பு. கரை போயிருக்கு." அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார், முகம் சுருங்கிவிட்டது, ஆனால் நான் நினைத்ததற்காக இல்லை. "ஐயோ, தப்பாப் போச்சா பிள்ள? உங்க சாரு ஏசுவாரோ?" அது இல்லைக்கா, வீடு, உங்கள் வீட்டைச் சொல்கிறேன். "வீடு கிடக்கட்டும். அழாத. இப்பமே ஆளைக் கூப்பிட்டு இருந்த இடத்துலயே தூக்கி வச்சிருதேன், அதுக்கென்ன. வா, எங்கன இருந்துச்சுன்னு காட்டு." என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கல்லைத் தாண்டிக் கடல் பக்கமாக நாலு எட்டு, நின்று, இங்கனயா என்கிறார், இன்னும் ஒரு எட்டு, இங்கனயா. மணல் ஒரே மாதிரி இருக்கிறது. அந்த இடத்தைக் காட்டுவதற்கு இருந்தது அந்தக் கல் ஒன்றுதான்.

பூங்கனி இந்த இடத்தில் நிறுத்திவிடுவாள், எந்த முறை சொன்னாலும். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். மறுநாள் பிரகாசி அக்காவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாளாம். பட்டியல் மேலே போய்விட்டது, அடுத்த முறை வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். படியிலிருந்து டேப் பிடித்துப் பார்த்தாயா என்று ஒருமுறை கேட்டேன். இல்லை என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. நான் எதையும் சரிபார்க்காமல் எழுதக் கூடாது என்று நினைப்பவள். அவள் துறை நூலகத்தில் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். குறிப்புக்கல் நகர்த்தப்பட்டதால் மார்கழி முதல் எடுத்த அளவுகள் செல்லாது என்று ஒரு பாரா இருக்கிறது, அவள் சொன்னபடியே. பிறகு, அடுத்த ஆண்டு மாசியில், வற்ற நேரம் பார்த்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள், மூன்று முறை படித்தேன், பிரகாசி என்று இல்லை. வீடு இருந்தது, நீலச் சுவர். வலையை உதறிக்கொண்டிருந்த அக்காவிடம் பூங்கனியின் தோழி என்று சொன்னேன், "கலெக்டரு சொகமா இருக்காளா?" என்று கேட்டார். அடுப்படிப் படியில் டேப்பின் நுனியை அவரே பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் போனேன். பதினெட்டு மீட்டர் முப்பது. அவள் துறையில் கேட்டு வாங்கிய அதே முப்பது மீட்டர் டேப்தான். மிச்சம் உறைக்குள்ளேயே சுற்றிக் கிடந்தது.